பழைய அச்சும் புதிய களிமண்ணும்

விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் களிமண் குழம்பை அச்சில் வார்ப்பார்கள். குழம்பு புதியது, அச்சு பழையது. அச்சுக்கு ஏற்பக் குழம்புதான் அமைய வேண்டும். மாணவர்களே, கணிப்பொறி உலகிலும் இந்நியதி உண்டு.

அண்டையிலுள்ள கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவர், விருத்தாசலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குக் கைப்பேசியில் இரயில் சீட்டுக் கேட்பதாகக் கொள்வோம். நம் இரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு 1985ஆம் ஆண்டு புது தில்லியில் தொடங்கிற்று. இணையவழிச் சீட்டோ 2002இல் வந்தது. முன்னரே இயங்கிவந்த அமைப்புக்குப் புதிய இணையதளம் செய்தி சொல்ல வேண்டியதாயிற்று. விருத்தாசலத்துக்கு ‘விஆர்ஐ’, எழும்பூருக்கு ‘எம்எஸ்’, பிறகு நாள், வகுப்பு: இவ்வாறு ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் விவரங்களே அளபுருக்கள்.

பழைய நிரல்கள் அளபுருவை எத்துணைக் கண்டிப்புடன் ஏற்கும் என்பதற்கு, 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வழிவந்த பெருங்கணிப்பொறிகளே சான்று. அவற்றின் வேலை ஆணையில் ‘பார்ம்’ என்னும் பகுதி 100 எழுத்துகளே கொள்ளும். எத்தனையாவது எழுத்தில் எது தொடங்குகிறது என்பதைக் கொண்டே நிரல் பெரும்பாலும் பொருள் அறியும். குறியீடும் வேறு: ‘1’ என்னும் இலக்கம் நம் கைப்பேசியில் 49, அங்கோ 241.

இலக்கத்துக்குரிய இடத்தில் வேறெழுத்து வந்தால் நிரல் பெரும்பாலும் நின்றுவிடும், அது நன்மையே. ‘030426’ என்று நாளை அனுப்பினால்? நமக்கு அது ஏப்ரல் 3. மாதத்தை முன்வைக்கும் நிரலுக்கு மார்ச் 4. நிரல் நிற்காது, தவறான நாளுக்கே விடை தரும். ஆதலின் வரிசை, நீளம், குறியீடு, பொருள் ஆகிய நான்கையும் அனுப்புமுன் சரிபார்ப்பது இடைநின்று பேசும் புதிய நிரலின் கடமையாகும்.