எமுலேட்டர் ஏன் திணறுகிறது?

வடலூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பல வீடுகளில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைப் பார்க்கலாம். 2011இல் தொடங்கிய திட்டம்; தொடக்கத்தில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். அதில் ஆண்ட்ராய்டு எமுலேட்டரை, அதாவது போனின் ஆண்ட்ராய்டைக் கணினிக்குள் ஓட்டும் மென்பொருளை ஏற்றினால், மவுஸை அசைத்துச் சற்றுக் காத்திருந்த பிறகே திரை அசையும்.

ஏன்? போன் சிப் பெரும்பாலும் ஆர்ம் வகை; கணினியிலோ இன்டெல், ஏஎம்டியின் எக்ஸ்86. ஒன்றின் கட்டளை மற்றதற்குப் புரியாது. ஓட ஓட மாற்றித்தர வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்க, எக்ஸ்86க்கென்றே தொகுத்த ஆண்ட்ராய்டைப் பல எமுலேட்டர்கள் ஓட்டுகின்றன. அப்போதும் விண்டோஸுக்குள் இன்னொரு இயங்குதளம் ஓடுகிறதே! அதைச் சிப்பே தாங்கும் வசதிதான் வர்ச்சுவலைசேஷன். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் கொண்டுவந்தன.

கொடுமை, பல கணினிகளில் இது அணைத்தே வருகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியூ என்று போய்ப் பாருங்கள். வர்ச்சுவலைசேஷனுக்கு நேரே ‘டிசேபிள்டு’ என்றிருந்தால், கணினி தொடங்கும்போதே பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்பதை இயக்குங்கள். வேறெந்த மாற்றத்தையும்விட இதில்தான் பலன் அதிகம்.

அடுத்தது ராம். 4 ஜிபி கணினியில் எமுலேட்டருக்கே 3 ஜிபி கொடுத்தால் விண்டோஸ் இடமில்லாமல் ஹார்டு டிஸ்கை நாடும். வேகம் இன்னும் படுக்கும். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். எமுலேட்டர் திரையின் ரெசல்யூஷனையும் இறக்குங்கள்.

2 ஜிபி கணினியில் எதுவும் பெரிதாக உதவாது. செயலி எழுதிப் பழகும் மாணவர்கள் போனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம், எமுலேட்டரே வேண்டாம்.