விமானிகளின் உயிரும் வைத்திய ஆராய்ச்சியும்

விமானம் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடும். மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் பாதிதான். அப்போது விமானிக்கு வலியோ அச்சமோ தோன்றுவது அரிது. சில சமயம் உற்சாகமே மேலிடும். தன் அறிவு மங்குகிறது என்பதை உணரும் ஆற்றலே முதலில் மங்கிவிடுகிறது. இத்தகைய ஆபத்துக்களை ஆராய்வதே விமான வைத்தியம்.

அமெரிக்க அரசாங்கம் இதற்கென 1918-ல் நியூயார்க்குக்கு அருகே ஒரு சோதனைச்சாலையை நிறுவியது. அதிலிருந்து வளர்ந்த வைத்தியக் கல்லூரி 1926-ல் டெக்ஸாஸ் மாநிலத்து புரூக்ஸ் தளத்திற்குச் சென்றது. 1931-ல் ராண்டால்ஃப் தளத்திற்கு மாறி, 1959-ல் மீண்டும் புரூக்ஸுக்கே திரும்பியது.

இதனிடையே, 1930-களில், ஒஹையோ மாநிலத்து ரைட் தளத்தில் டாக்டர் ஹாரி ஆம்ஸ்ட்ராங் மற்றொரு சோதனைச்சாலையைத் தொடங்கினார். சுமார் 19,000 மீட்டர் உயரத்தில் மனித உடலின் வெப்பத்திலேயே நீர் கொதிக்கும். அந்த உயரம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. விமானம் அமைக்கும் பொறியியலாளர்களின் பக்கத்திலேயே அவர் பணி புரிந்தார். 1937-ல் பறந்த எக்ஸ்.சி. 35 விமானத்தின் அழுத்த அறை அந்த அண்மையின் பயனே.

அதே எண்ணத்துடன்தான் 2005-ல் பெரும் சீரமைப்பு ஒன்று முடிவாயிற்று. புரூக்ஸ் தளத்தை மூடி, கல்லூரியையும் ஆராய்ச்சிப் பிரிவுகளையும் சுமார் ஆயிரம் மைல் தொலைவிலுள்ள ஒஹையோவின் ரைட்-பேட்டர்சன் தளத்தில் சேர்ப்பதென்று தீர்மானித்தார்கள். 2008-ல் அங்கே 711-ஆம் மனிதத் திறன் பிரிவு அமைந்தது. கடற்படையின் சோதனைச்சாலையும் புளோரிடாவிலிருந்து அங்கேயே வந்தது. 2011-ல் புரூக்ஸ் மூடப்பட்டது.

அந்த ஆண்டிலேயே ஒரு சோதனை நேர்ந்தது. எஃப். 22 போர் விமானிகள் பலர் பறக்கும்போது தலைசுற்றல், தடுமாற்றம் முதலிய பிராணவாயுக் குறைவின் அறிகுறிகளைக் கண்டனர். மே மாதம் அவ்வகை விமானங்கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. செப்டம்பரில்தான் மீண்டும் பறந்தன. விமானி மார்பில் அணியும் காற்றுச் சட்டை வேண்டாத வேளையில் உப்பி மூச்சை நெருக்கியது ஒரு காரணமென்று பின்னர் தெரிந்தது.

2012-ல் விமானப் படையின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அதைவிடப் பெரிய குறை ஒன்றையும் சுட்டிக்காட்டியது. மனிதனுக்கேற்ப இயந்திரத்தைப் பொருத்தும் திறமை அப்படையில் 20 ஆண்டுகளாகவே தேய்ந்து வந்திருக்கிறது என்பதே அது.

ஆகவே புரூக்ஸ் மூடப்பட்டதே குற்றமென்று கூறிவிட முடியாது. தேய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் வைத்தியரையும் பொறியியலாளரையும் ஒரே வளாகத்தில் வைப்பதால் மட்டும் அது நீங்கிவிடாது. கட்டடத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பலாம். கருவிகளை வண்டியேற்றி அனுப்பலாம். விமானியின் மூச்சை அறிந்த நிபுணர் உருவாகவோ ஒரு தலைமுறைக் காலம் வேண்டும். அவரைப் பேணாத சீரமைப்பு பெயர்ப்பலகையை மாற்றுவதோடு நின்றுவிடும். அதன் விலையைக் கொடுப்பவர் ஆகாயத்தில் தனித்திருக்கும் விமானியே.