தெரியுமா? தஞ்சோங் பகார் ரயில் பாதையில் காளான் தேடலாம்!

துறைமுகப் பாரந்தூக்கிகள், வானளாவும் அலுவலகங்கள், மதிய வேளையில் உட்கார இடம் கிடைக்காத உணவங்காடி. தஞ்சோங் பகார் என்றதும் நம் நினைவுக்கு வருவது இவைதாம். காட்டுக் காளானுக்கும் இந்த வட்டாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது! 1932 மே மாதம் இங்கே ஒரு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 2011 ஜூன் 30 இரவு, ஜொகூர் சுல்தானே எஞ்சினில் ஏறிக் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றார். பிறகு தண்டவாளத்தைக் கழற்றினார்கள். அந்தப் பாதைதான் இன்று தஞ்சோங் பகாரில் தொடங்கி வடக்கே கிராஞ்சி வரை 24 கிலோமீட்டர் நீளும் பசுமை வழித்தடம். வழியில் புக்கிட் தீமா வனத்தை உரசிக்கொண்டு போகிறது. நல்ல மழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் நடந்து பாருங்கள். விழுந்த மரம், மக்கிய இலை, பாதையோர மரத்தூள் என்று காணும் இடமெல்லாம் குடை!

கூட்டமாகக் கிளம்பிக் காளான் தேடுவது நேற்று வந்த பழக்கமா? 1868இலேயே இங்கிலாந்தின் ஹெரிபோர்டில் வுல்ஹோப் இயற்கையாளர் மன்றத்தார் கூடையும் கையுமாகக் காட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். பகலெல்லாம் தேடல், மாலையில் காளான் பதார்த்தங்களோடு விருந்து. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கரை நிமிடம் ஒரு சுரமும் வாசிக்காமல் மேடையில் உட்கார்ந்திருக்கும் இசைக்கோப்பை எழுதினாரே, அவர்தான். 1959இல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடி வினாவில் காளான் பற்றிய கேள்விகளுக்கே பதில் சொல்லி 50 லட்சம் லிரா வென்றார். 1962இல் நியூயார்க் காளானியல் சங்கத்தை நண்பர்களோடு சேர்ந்து உயிர்ப்பித்தவரும் அவரே!

அங்கே கூடை, சரி. சிங்கப்பூரில்? கூடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியில்லாமல் பறித்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பூங்காக்களில் 5,000 வெள்ளி வரை. என்னைக் கேட்டால் இந்தத் தடையால் தேடல் இன்னும் சுவாரசியமாகிறது. பறிக்காமலே அடையாளம் காண வேண்டும் அல்லவா? பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே, அந்தக் கைப்பிடி வைத்த குட்டிக் கண்ணாடி. அதைக் குடைக்கு அடியில் நீட்டினால் மடல்களா, துளைகளா, முட்களா என்று தெரிந்துவிடும். வித்துத்தூளின் நிறம் தெரிய வேண்டுமா? அதற்கும் வழி இருக்கிறது. கொத்தாக முளைத்த காளான்களில் மேலே இருப்பது கீழே இருப்பதன் தலையில் தூளைக் கொட்டி வைத்திருக்கும். வெள்ளையா, பழுப்பா, பச்சையா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். குடையின் மேற்புறம், அடிப்புறம், தண்டு, தண்டின் அடி, அது முளைத்திருக்கும் இடம் என்று வரிசையாகப் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால், உலகின் எந்த மூலையிலாவது ஒரு காளான் பைத்தியம் பெயர் சொல்லும்.

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூஞ்சையினங்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். உண்மையில் இருப்பவை 22 முதல் 38 லட்சம் என்கிறது 2017இல் வந்த ஒரு மதிப்பீடு. அப்படியென்றால் நீங்கள் மிதித்துவிட்டுப் போகும் சின்னப் பழுப்புக் காளானுக்கு யாருமே இன்னும் பெயர் வைத்திருக்காமலும் இருக்கலாம்!

வுல்ஹோப் கூட்டத்தோடு திரிந்தவர்களில் எம். சி. குக் என்று ஒருவர். நம் பக்கத்துக் காடுகளில் விழுந்த குச்சிகள்மேல் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கிண்ணம் கிண்ணமாக ஒரு காளான் நிற்கும், மழைத்தண்ணீரைத் தேக்கிக்கொண்டு. அதற்கு அவர் பெயரால்தான் 'குக்கைனா'. அதே குக் 1879இல் பினாங்கிலிருந்து வந்த ஒரு மாதிரிக்குக் காண்டாமிருகத்தின் பெயரைச் சூட்டினார். அது என்ன காளான் தெரியுமா? மலாய்க்காரர்கள் 'சூசு ஹரிமாவ்' என்று சொல்லும் புலிப்பால் காளான்! தாய்ப்புலி குட்டிக்குப் பால் கொடுக்கும்போது சிந்திய இடத்தில் முளைக்கும் என்பது கதை. மண்ணுக்கடியில் இருக்கும் வெண்கிழங்கைத் தேய்த்து இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்தாகக் கொடுப்பார்கள். 1664இலேயே லண்டனில் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் இந்தப் 'புலிப்பாலை'க் குறித்து வைத்திருக்கிறார்.

இனி நம் ஊர் நாயகர். 1929இல், 23 வயதில், எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவான பூமலையில் உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். வந்தது பூமலைக்கு, மனசு பூஞ்சையில்! மரத்தில் அலமாரித் தட்டுப்போலப் பக்கவாட்டில் முளைக்கும் கெட்டிக் காளான்களைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஊசியால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வளரும் இழை, தாங்கும் இழை, கட்டும் இழை என்று மூன்று வகை இழைகளால் ஆன உடம்பு அது என்று கண்டார். சில காளான்களில் ஒரு வகை மட்டும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்றும். அந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டது எந்த ஆண்டு? தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்ட அதே 1932! இன்றைக்கும் உலகில் எங்கே ஒருவர் மரக்காளானை அடையாளம் காண உட்கார்ந்தாலும் கார்னர் வகுத்த இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார். மலாயாவில் காளான்கள் எந்தப் பருவத்தில் திரளாகக் கிளம்புகின்றன என்று 1935இல் தனிக் கட்டுரையே எழுதினார். 1972இல் ஒரு காளான் வகையைப் பற்றியே 'மலேசியாவின் பொலீட்டஸ்' என்ற பெரிய நூல்.

உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்து வர அவர் யாரை வேலைக்கு வைத்தார் தெரியுமா? தேங்காய் பறிக்கும் 'பெரோக்' குரங்குகளை! கீழிருந்து மலாய்மொழியில் கட்டளையிட, அவை ஏறிக் கேட்டதை ஒடித்துப் போடும். அவற்றில் ஒன்று அவரையே கடித்துக் கையைப் பதம் பார்த்ததும் உண்டு. அவர் மகன் எழுதிய 'என் தந்தை அவரது பெட்டிக்குள்' என்ற நூல் 2013இல் சிங்கப்பூரில் வந்தது. தந்தையை விட்டுப் பிரிந்துபோன மகனுக்கு அவர் விட்டுச்சென்ற ஒரு பெட்டியும், அதைத் திறக்கத் துணியாமல் கழிந்த ஆண்டுகளும். அது வேறு கதை, ஆனால் படித்தே ஆக வேண்டிய கதை.

சரி, குனியுங்கள். ரயில் பாதையோரம் விழுந்து கிடக்கும் இந்தக் காய்ந்த கிளையில் நகம் அளவே உள்ள வெள்ளை விசிறிகள், மேலே பூனைமயிர் படர்ந்து. எத்தனையோ பேர் தினமும் தாண்டிப் போவார்கள், யாரும் பார்ப்பதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அடிப்புறம் பாருங்கள். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த மடல்கள், ஒவ்வொன்றும் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் காயும்போது அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும், மழை பட்டதும் விரியும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. இதன் பெயர் பிளவுமடல் காளான். பத்துப் பொருத்தம் பார்த்துத் திண்டாடும் நாம் இதைக் கேட்டால் வாயடைத்துப் போவோம்: இதற்கு இருப்பது ஆண், பெண் என்று இரண்டு பாலினம் இல்லை, 23,000க்கும் மேல்! எதிர்ப்படும் வேற்றுக் குடும்பத்து இழை எதுவானாலும் அநேகமாகப் பொருத்தம் அமைந்துவிடும். மணிப்பூரில் இதைக் 'கங்லாயென்' என்று விரும்பிச் சமைக்கிறார்கள். மலேசியாவிலும் உண்பதுண்டு.

காட்டில் திடீரென்று அழுகல் வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடாதீர்கள், சுற்றிலும் பாருங்கள். முட்டைபோன்ற ஓர் உருண்டையைக் கிழித்துக்கொண்டு சில மணி நேரத்தில் எழுந்து, வலைப்பாவாடை கட்டி நிற்கும் 'முக்காட்டுப் பெண்' காளானாக இருக்கும். தலையில் இருக்கும் பிசுபிசுப்பை ஈக்கள் மொய்க்கும். வித்தைச் சுமந்து ஊரெல்லாம் பரப்புவது அவைதாம். தலையை நீக்கிக் காயவைத்தால்? தஞ்சோங் பகாரை ஒட்டிய சைனாடவுன் உலர்பொருள் கடைகளில் விற்கும் மூங்கில் காளான்! சூப்பில் போட்டால் அபாரம் என்பார்கள்.

எறும்பை ஆட்டுவிக்கும் பூஞ்சை தெரியுமா? உடலுக்குள் புகுந்து, எறும்பைச் செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கவ்வவைத்துக் கொல்லும். பிறகு தலையைப் பிளந்துகொண்டு காம்பு நீட்டும். மூளையைத்தான் பிடித்துக்கொள்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 2017 ஆய்வில் மூளைக்குள் அது நுழையவே இல்லை, தசைகளைச் சுற்றித்தான் வலை பின்னுகிறது என்று தெரிந்தது! ஜெர்மனியில் கிடைத்த 4.8 கோடி ஆண்டுப் பழைய இலைப் புதைபடிவத்தில்கூட அந்தக் கடித்தடம் இருக்கிறது.

இருட்டில் பச்சையாக ஒளிரும் காளான்களும் தென்கிழக்காசியக் காடுகளில் உண்டு. ஆனால் புக்கிட் தீமா வனப்பகுதியை மாலை 7 மணிக்கு மூடிவிடுவார்கள், ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றில்லாத காட்டில் வித்து எப்படிப் பறக்கும்? காளானே காற்றை உண்டாக்குகிறது! குடையிலிருந்து நீர் ஆவியாகி, சுற்றியுள்ள காற்று குளிர்ந்து அசையும், அந்த மெல்லிய ஓட்டத்தில் வித்து ஏறிப் போகும். 2016இல் நிறுவப்பட்டது இது. இன்னொன்று: பூஞ்சைகள் தாவரத்தைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு. அவற்றின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருள்தான் இறால் ஓட்டிலும் இருக்கிறது. சைவக் கடைகளில் இறைச்சிக்குப் பதில் காளான் போடுகிறார்களே, விஷயம் தெரிந்தவர்கள்தான் போலும்! பெரிசு வேண்டுமா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மண்ணுக்கடியில் படர்ந்திருக்கும் ஒரே ஒரு தேன்காளானின் பரப்பு 965 ஹெக்டேர். நம் புலாவ் உபின் தீவு முழுவதுமே 1,020 ஹெக்டேர்தான்!

நம்மவர்களுக்குக் காளான் புதிதா என்ன? பசியில் வாடும் பாணரின் இடிந்த அடுக்களையில் காளான் பூத்திருப்பதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. இடிமழைக்குப் பின் புற்றைத் தேடி ஓடிய அனுபவம் தமிழ்நாட்டுக் கிராமத்தார் பலருக்கும் இருக்கும். அந்தப் புற்றுக்காளான் தானாக முளைப்பதில்லை, கரையான்கள் பயிரிடுவது! மனிதன் ஏர் பிடிப்பதற்கு ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய விவசாயம். சிப்பிக்காளானைப்போலப் பண்ணையில் வளர்த்து விற்க முடியவில்லை என்பதால்தான் அதற்கு அந்த விலை, அந்த மவுசு.

காட்டுக்குப் போக நேரமில்லையா? வீவக வீட்டுத் தாழ்வாரத்துப் பூந்தொட்டியைப் பாருங்கள். துளசிக்குப் பக்கத்தில் ஒருநாள் காலையில் எலுமிச்சை மஞ்சளில் குட்டிக்குடைகள் நிற்கும். தொட்டி மண்ணோடு வந்தவை. பிராகா நகரக் கண்ணாடிக் குடில் ஒன்றில் இவற்றைக் கண்டெடுத்த ஒரு தோட்டக்காரரின் பெயரை 1839 முதல் தாங்கியவை. செடிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் தின்றால் வயிற்றைக் கலக்கும், குழந்தைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைத்தூள் குடைக்காளான் இன்னும் மோசம். மழைக்குப் பிறகு புல்தரையில் வெள்ளை வெளேரென்று தட்டளவுக்கு விரியும், பார்த்தால் வாங்கிச் சாப்பிடும் காளான்போலவே இருக்கும். முதிர்ந்ததும் மடல் பச்சையாகும். தின்றவர்கள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விடுவார்கள். வெள்ளிக்கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சோதனைகள் எதுவும் பலிக்காது. உலகில் அதிக உயிரைக் குடித்த 'மரணத் தொப்பி' காளானை நத்தைகள் ரசித்துத் தின்னும். அதை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. அறிகுறி தெரியவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் கல்லீரலில் வேலை தொடங்கியிருக்கும்.

ஆகவே, மழை விட்ட மறுநாள் காலை நண்பர்களோடு கிளம்புங்கள். குனிந்து பாருங்கள், முகருங்கள், படம் எடுங்கள், பறிக்க வேண்டாம். சாப்பிட ஆசையா, ஈரச்சந்தையில் வாங்குங்கள். யாராவது காட்டுக் காளானைத் தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், நிலைமை மோசமென்றால் 995ஐ அழையுங்கள். தின்றதில் மிச்சம் இருந்தால் அதையும் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் காளான் என்று மருத்துவர் அறிய அதைவிட நல்ல துப்பு கிடைக்காது.