லினக்சில் போலி சிஎஸ்ஆர் புளூடூத் அடாப்டர்கள்

புளூடூத் இல்லாத கணினியில் அவ்வசதியைப் பெறுவதற்காக யூஎஸ்பி துளையில் செருகப்படும் சிறு கருவி புளூடூத் அடாப்டர் எனப்படும். விலை மலிந்த அடாப்டர்களில் சில விண்டோஸில் வேலை செய்தாலும் லினக்சில் முடங்கிவிடுகின்றன. பழி லினக்சின் மேல் விழுகிறது. ஆனால் பல வேளைகளில் கோளாறு அடாப்டரில்தான் இருக்கிறது. அது தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்கிறது.

இங்கிலாந்தில் 1998 இல் தொடங்கப்பட்ட கேம்பிரிட்ஜ் சிலிக்கன் ரேடியோ (சிஎஸ்ஆர்) நிறுவனம் புளூடூத் சில்லுகளுக்குப் பெயர்பெற்றது. 2015 இல் குவால்காம் அதை வாங்கியது. ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் செருகியவுடன் தன் அடையாள எண்ணைக் கணினியிடம் சொல்லும். சிஎஸ்ஆர் அடாப்டரின் எண் 0ஏ12:0001. வேறு இடங்களில் செய்யப்பட்ட போலிச் சில்லுகளும் இதே எண்ணைச் சொல்கின்றன.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. தனக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும் என்று சில்லு ஒரு பட்டியல் தரும். லினக்ஸ் அதை நம்பிக் கட்டளைகளை அனுப்பும். சேமித்த இணைப்புச் சாவிகளை அழிக்கும் கட்டளை அவற்றுள் ஒன்று. போலிச் சில்லு பட்டியலில் அதைச் சேர்த்திருக்கும். கேட்டால் பிழை காட்டும், அல்லது பதிலே சொல்லாது. வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்ன மாணவன், அடுத்த கேள்வியில் விழிப்பதைப் போன்றது இது.

எனவே, கண்ட கட்டளைகளை எல்லாம் தட்டிப் பார்க்கும் முன் அடாப்டர் எது என்று அறிவதே முறை. முனையத்தில் எல், எஸ், யு, எஸ், பி ஆகிய எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினால் அடையாள எண் தெரியும். டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் கெர்னலின் குறிப்புகள் வரும். சில கணினிகளில் இதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். அக்குறிப்புகளில் -110 என்ற பிழை எண் இருந்தால், கேட்டதற்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று பொருள். உண்மையான சிஎஸ்ஆர் சில்லின் தயாரிப்பாளர் எண் 10. பரவலாக விற்கும் சிஎஸ்ஆர் 8510 சில்லு புளூடூத் 4.0 வகை. உறையில் 5.0 என்று அச்சிட்டு, உள்ளே 0ஏ12:0001 என்று சொன்னால் ஐயப்படலாம்.

இப்போலிகளை அடையாளம் காணும் சோதனைகள் 2020 இல் கெர்னலில் விரிவாக்கப்பட்டன. போலி என்று தெரிந்தால் கெர்னல் அந்தக் கட்டளைகளைத் தவிர்க்கிறது. அடாப்டரை ஒருமுறை உறங்கவைத்து எழுப்பவும் செய்கிறது. விந்தையான வைத்தியம்தான், ஆனால் பல சில்லுகள் அதன்பின் விழித்துக்கொள்கின்றன. ஆகவே பழைய லினக்ஸ் பதிப்பு வைத்திருப்போர் முதலில் கெர்னலைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு அடாப்டரைக் கழற்றிச் செருக வேண்டும். கணினியை மறுதொடக்கம் செய்தால் மட்டும் போதாது. யூஎஸ்பி துளைக்கு மின்சாரம் தொடர்ந்து சென்றால் சில்லு பழைய நிலையிலேயே இருந்துவிடும்.

பிழை எண் -2 என்றால் கதை வேறு. அது கோப்பு கிடைக்கவில்லை என்பதன் குறி. ரியல்டெக் 8761பி போன்ற சில்லுகள் போலியல்ல. அவற்றுக்கு உரிய நிலைபொருள் கோப்பு கணினியில் இல்லை, அவ்வளவே. லினக்ஸ் நிலைபொருள் தொகுப்பை நிறுவினால் சரியாகும்.

அடாப்டர் இயங்கியும் ஒலி விட்டுவிட்டு வந்தால், அருகில் யூஎஸ்பி 3.0 கருவி உள்ளதா என்று பார்க்கலாம். அதன் இரைச்சல் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கலக்கும். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் அடாப்டரைத் தள்ளி வைத்தால் இது குறையும்.