பட்டுப் பசை கொடுத்த பெயர்

லிங்கராஜபுரத்திலிருந்து வெளிவட்டச் சாலைக்குச் சென்று, தென்பகுதிக்கு வேலைக்குப் பஸ் ஏறுவோருக்கு ‘சில்க் போர்டு’ தெரியாமல் இராது. நெரிசலுக்குப் பேர்போன அந்தச் சந்திப்புக்குப் பெயர் வந்தது, அங்குள்ள மத்தியப் பட்டு வாரியத்தின் தலைமையகத்தால். அதே பட்டு, நம் உடம்பில் உள்ள ஒரு பொருளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறது. அதுதான் ‘செரைன்’.

புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்கள். பொருள் தெரிந்தால் அந்தச் சிரமம் குறையும். எதிலிருந்து கிடைத்ததோ, அதன் பெயரையே பலவற்றுக்கு இட்டார்கள். 1806-ல் அஸ்பராகஸ் செடியிலிருந்து கிடைத்தது அஸ்பரஜின். 1846-ல் பாலாடைக்கட்டியிலிருந்து கிடைத்தது டைரோசின். ‘டைரோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பாலாடைக்கட்டி.

செரைன் கதையும் அதுவே. பட்டுப்புழு இழையை உமிழும்போது, அதன்மேல் ஒரு பசையும் சேர்ந்து வருகிறது. அந்தப் பசைக்கு ‘செரிசின்’ என்று பெயர். 1865-ல் ஜெர்மானிய வேதியியலார் எமில் கிராமர் இந்தப் பசையிலிருந்து செரைனைப் பிரித்தெடுத்தார். பட்டுக்கு லத்தீனில் ‘செரிகம்’ என்று பெயர். கிழக்கே பட்டு விளைந்த நாட்டு மக்களைப் பண்டைக் கிரேக்கர் ‘செரெஸ்’ என்றனர். பட்டு வளர்ப்பைக் குறிக்கும் ‘செரிகல்ச்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே.

இந்தப் பசையை நன்கு அறிந்தவர்கள் தொழிலாளர்கள். பெங்களூரை அடுத்த ராமநகரத்திலும், சிட்லகட்டாவிலும் பட்டுக்கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். சூட்டில் பசை இளகினால்தான் இழை பிரிந்து வரும். நாள் முழுவதும் வெந்நீரில் ஊறும் விரல்களில் தோல் வெந்து புண்ணாவதும் உண்டு.

மிச்சப் பசையைச் சோப்பு நீரில் காய்ச்சி நீக்கிய பிறகே பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வருகின்றன. அப்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய நூறு கிராம் கச்சாப் பட்டு, சுமார் எழுபத்தைந்து கிராமாகி விடுகிறது. நெசவாளிக்கு அது நஷ்டக் கணக்கு. வேதியியலுக்கோ அதுவே ஒரு பெயரின் பிறப்பிடம்.

செரைனை நம் உடம்பு தானே உண்டாக்கிக் கொள்ளும். பட்டுச் சேலை வாங்க வசதி இல்லாத வீட்டிலும், பட்டின் பெயர் கொண்ட இந்தப் பொருள் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது. பிள்ளைகள் பாடம் படிக்கும்போது, வெந்நீரில் நூலெடுக்கும் கைகளைப் பற்றியும் பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லலாம்.