ஒரு விரலின் விலை என்ன?

வேலூரிலிருந்து பங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் விடியற்காலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகமிருக்கும். பள்ளிகொண்டாவைத் தாண்டிவிட்டால், சாலையோரத்தில் கூட்டங் கூட்டமாகப் பெண்கள் நின்று கொண்டிருப்பார்கள். கையில் ஒரு டிபன் டப்பா, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். ஆம்பூர்த் தொழிற்சாலைகளின் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். ஆம்பூர் என்றால் பிரியாணியை மட்டும் நினைக்கிற நண்பர்கள் நமக்கு உண்டு. சீமைக் கடைகளில் விற்கும் பூட்ஸுகள் பலவற்றின் மேல்தோலைத் தைத்து அனுப்பும் ஊர் அது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால், அப்படி நின்று கொண்டிருந்தவர்களில் ஒருத்தி மேல் வேகமாக வந்த மோட்டார் கார் ஒன்று மோதிவிட்டது. அவளுடைய மகள் நம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தாள். நல்ல வேளையாக உயிருக்கு அபாயமில்லை. முறிந்த கால் எலும்பும் கூடிவிட்டது. ஆனால் வலது கையின் கட்டை விரல் மடங்கவில்லை; ஆள்காட்டி விரலில் உணர்ச்சி இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தபோதே ஒரு மனிதர் ஆப்பிள் பழங்களுடன் வந்து சேர்ந்தார். "கோர்ட்டு என்று போனால் வருஷக் கணக்காக இழுக்கும் அம்மா. ஐம்பதாயிரம் ரூபாய் இப்போதே வாங்கித் தருகிறேன். இந்தத் தாளில் மட்டும்..." என்று ஒரு வெற்றுத் தாளை நீட்டினாராம். கையெழுத்துப் போட அவளுக்கு விரல் ஏது? "அதனால் என்ன, இடது கைப் பெருவிரலை வைத்தால் போதும்" என்றாராம் அந்தப் புண்ணியவான்.

அன்று மாலை அவளுடைய கணவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "சார், ஐம்பதாயிரம் நியாயமான தொகைதானா?" என்று கேட்டார்.

இருபது வருஷமாகக் கூட்டுவட்டிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாம். ஒரு விரலின் விலை என்ன என்ற கணக்கு நமக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு வக்கீல் நண்பரைப் பிடித்துக்கொண்டு கற்றதைத்தான் இங்கே நேயர்களுக்குச் சொல்ல உத்தேசிக்கிறோம். மோட்டார் வண்டி ஓடாத தெரு இல்லாத இந்தக் காலத்தில் எந்தக் குடும்பத்துக்கும் இது வேண்டாத விஷயம் அல்ல.

பிறருக்கு நேரும் நஷ்டத்துக்காக ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் இன்ஷியூரன்ஸ் இருந்தே தீரவேண்டும் என்பது 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் ஏற்பட்டு, 1946-இல் அமுலுக்கு வந்த விதி. நஷ்ட ஈட்டை விசாரிப்பதற்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் ஏற்பட்டது 1956-ஆம் வருஷத் திருத்தத்தால்தான். இப்போது நடப்பது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. அடிபட்டவர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் செய்யலாம். பங்களூரில் அடிபட்ட வேலூர்க்காரர் வேலூரிலேயே வழக்கு நடத்தலாம் என்று அர்த்தம்.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்தப் பெண்ணின் சம்பளம் மாதம் 12,000 ரூபாய். வயது 32. டாக்டர்கள் கொடுத்த ஸர்ட்டிபிகேட்டில், ஊனம் நூற்றுக்கு 30 என்று எழுதியிருந்தது.

வருஷ வருமானம் 1,44,000. எதிர்காலத்தில் சம்பளம் உயர்ந்திருக்கும் அல்லவா? அதையும் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்மானித்தது. நிரந்தர உத்தியோகம் இல்லாதவர், நாற்பது வயதுக்கு உட்பட்டவர் என்றால் நூற்றுக்கு 40 கூட்ட வேண்டும். அது மரண வழக்குகளுக்கு மட்டுமல்ல, காயம்பட்டுப் பிழைத்தவர்களுக்கும் உண்டு என்று 2020-இல் அதே கோர்ட்டு தெளிவாக்கியது. ஆக 2,01,600. இதை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த அட்டவணைப்படி 25 வயது வரை 18. பிறகு படிப்படியாகக் குறைந்து 65 வயதுக்கு மேல் 5. முப்பத்திரண்டு வயதுக்கு 16. இறந்தவரின் கணக்கில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டவரின் கணக்கில் அந்தக் கழிவு கிடையாது. பிழைத்திருப்பவர் சாப்பிடத்தானே வேண்டும்?

ஊனம் நூற்றுக்கு 30 என்று வைத்துப் பெருக்கினால் 9,67,680 ரூபாய் வருகிறது. ஐம்பதாயிரம் எங்கே, இது எங்கே! திண்ணையில் இதைக் கேட்ட கணவர் நம்பவில்லை. நாமும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தோம்.

ஆனால் வக்கீல் நண்பர் சிரித்தார். "ஸர்ட்டிபிகேட்டில் உள்ள 30, அவளுடைய கையின் கணக்கு. அவளுடைய பிழைப்பின் கணக்கு அதுவல்ல" என்றார்.

இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேலூரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1954-இல், இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள் சிலர் உல்லாசப் பிரயாணமாகச் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அதில் இருந்த மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டருக்கு முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே அற்றுப் போயிற்று. இனி அவர் வைத்தியத் தொழில் செய்ய முடியாது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டாக்டர் பால் பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. குஷ்டரோகத்தால் மடங்கிப் போன கைகளை நிமிர்த்தும் ரண சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் கத்தியைப் பிடித்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் சென்று, ஊனமுற்றோரை மறுபடி வாழப் பழக்கும் வைத்தியத்தைக் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு நிலையம் ஏற்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இரண்டு கால்களும் போன அவரிடம் தொழில் தங்கிற்று. இரண்டு விரல் மட்டும் கெட்ட செருப்புத் தையல்காரியிடம் தங்கவில்லை. தோல் துண்டின் விளிம்பைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, ஊசிக்குக் கீழே வளைத்துத் தள்ளுவதுதானே அவளுடைய வேலை! நூற்றுக்கு 30 ஊனம் என்றாலும், அந்த மெஷினுக்கு முன்னால் அவள் முழு ஊனம்.

சுப்ரீம் கோர்ட்டு 2010-இல் கூறிய தீர்ப்பும் இதைத்தான் சொல்கிறது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால், அநேகமாக அவருடைய சம்பாத்தியம் முழுவதுமே போய்விட்டதாகும். அவரே சர்க்கார் குமாஸ்தாவானால் உத்தியோகம் போகாமலும் இருக்கலாம். ஆகையால் டாக்டர் தரும் சதவீதத்தை அப்படியே நஷ்டத்தின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்ன தொழில், எந்த வயது, வேறு எந்த வேலை செய்ய முடியும் என்றெல்லாம் தீர்ப்பாயம் ஆராய வேண்டும். குமாஸ்தாவுக்கு ஒன்றுமே கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். வலிக்கும், வாழ்க்கையின் சௌகரியங்களை இழந்ததற்கும், வைத்தியச் செலவுக்கும், சிகிச்சைக் காலத்தில் போன சம்பளத்துக்கும், இனிமேல் செய்ய வேண்டிய சிகிச்சைக்கும் தனித்தனியே தொகை உண்டு. மேரி வர்கீஸைப் போன்றவரின் வழக்கு வந்திருந்தால் அந்த இனங்களில்தான் பெருந்தொகை சேர்ந்திருக்கும்.

"எங்கள் வீட்டில் அவள் சம்பாதிக்கவில்லையே!" என்று சொல்லும் கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை உண்டு என்று சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009-இல் விரிவாக எழுதினார். 2021-இல் சுப்ரீம் கோர்ட்டும் வற்புறுத்தியது. தீர்ப்பைப் படித்த பிறகாவது வீட்டில் காப்பி ஆறிவிட்டதென்று கோபிப்பது குறையுமா என்பது வேறு விஷயம்.

சமாதானமாகப் போவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. 2022-ஆம் வருஷம் ஏப்ரல் முதல், பலத்த காயத்துக்கு யார் மேல் குற்றம் என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் ரூபாய் பெற வழி இருக்கிறது. பலத்த காயம்பட்டும் ஊனமின்றித் தேறிவிட்டவருக்கு அது லாபமாகலாம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு அத்துடன் போயிற்று. லோக் அதாலத்தில் முடிப்பதிலும் பணம் சீக்கிரம் கைக்கு வரும். அங்கே முடிந்ததன் மேல் அப்பீல் கிடையாது. எனவே புண் ஆறி, இனித் தேறுவதற்கில்லை என்று டாக்டர் சொல்லும் வரையில் தொகை பேசாதிருப்பது உத்தமம். மடங்காத விரல் ஆறு மாதத்தில் மடங்கினாலும் மடங்கலாம். மடங்காமலே போனாலும் போகலாம். அது வரையில் போலீஸாரின் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிக் காகிதங்கள், மருந்துக் கடைச் சீட்டுகள், சம்பளச் சீட்டு, வயதுக்கு அத்தாட்சி இவற்றை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலாவது போட்டு வையுங்கள். இதற்காக மனுவையும் ஒத்திப்போட வேண்டாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் விதி எழுதப்பட்டிருக்கிறது.

ஆப்பிள் பழத்துக்காரர் இன்னும் இரண்டு தடவை வந்து போனார். வேலூர்த் தீர்ப்பாயத்தில் விசாரணை மூன்று வருஷம் நடந்தது. அவர் சொன்னதில் அந்த மட்டும் உண்மைதான். சிகிச்சை செய்த டாக்டரே வந்து சாட்சி சொன்னார். ஒரு பூட்ஸின் மேல்தோலைக் கோர்ட்டில் கொண்டுவந்து காட்டினார் வக்கீல். அவள் அதைப் பிடிக்க முயன்றாள்; தோல் நழுவிக் கீழே விழுந்தது. வேறு சில்லறை வேலைகள் அவளால் செய்ய முடியும் என்பதையும் கவனித்து, சம்பாத்திய நஷ்டம் நூற்றுக்கு 50 என்று தீர்ப்பாயிற்று. அந்த ஓர் இனத்தில் மட்டும் 16,12,800 ரூபாய். மற்ற இனங்களும், மனுச் செய்த நாள் முதலான வட்டியும் தனி.

பணத்தில் ஒரு பகுதியை அவள் பெயரில் டிப்பாஸிட்டாக வைக்கும்படி உத்தரவு. பாங்கிக்கு நாமும் கூடப் போயிருந்தோம். பழைய கையெழுத்துக்கும் இப்போது இடது கையால் போட்டதற்கும் பொருத்தமில்லை என்று குமாஸ்தா தயங்கினார். அவளுடைய மகள் ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மேஜை மேல் பரப்பினாள். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, புதிய மாதிரிக் கையெழுத்துக்கான கார்டை எடுத்து நீட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புக் குழந்தை எழுதுவதுபோல், மூன்று இடத்தில் மெள்ள மெள்ளத் தன் பெயரை எழுதினாள்.