நானோ உலோக உரமும் ஆட்டின் ஈரலும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளமும், கல்வராயன் மலையில் மரவள்ளி, சாமையும் பயிராகின்றன. இரண்டு இடங்களிலும் ஆடுமாடுகள் வரப்புப் புல்லையும் அறுவடைக் கழிவையும் மேய்கின்றன. ஆகவே இலைவழி தெளிக்கும் உரத்தில் ஒரு பங்கு கால்நடையின் வயிற்றுக்கும் போகக்கூடும்.

மத்திய அரசு 2021இல் நானோ யூரியாவையும், 2024இல் நானோ துத்தநாகம், நானோ தாமிரம் ஆகியவற்றையும் அனுமதித்தது. யூரியாவில் உலோகம் இல்லை. மற்ற இரண்டிலும் உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரையுள்ளவை நானோ துகள்கள். இத்தகைய வேளாண் பொருள்களின் பாதுகாப்பை மதிப்பிட மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

அளப்பது எப்படி?

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குப் பல அளவுகளில் துகள்கள் கொடுக்கப்படுகின்றன. ஒரு தொகுதிக்கு எதுவும் கொடுப்பதில்லை. தாமிரமும் துத்தநாகமும் எல்லா உயிரின் ஈரலிலும் இயற்கையாகவே இருப்பதால், இந்த ஒப்பீடு அவசியம். ஈரலில் தாமிரம் கண்டதாலேயே அது நஞ்சாகிவிடாது.

ஈரல், சிறுநீரகத் துண்டுகளை எடைபோட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மா நிறமாலைமானி என்னும் கருவியில் செலுத்தினால் மொத்த உலோகம் தெரியும். ஆனால் குழம்பில் உப்பு கரைந்தபின், அதைக் கல்லாகப் போட்டார்களா, தூளாகப் போட்டார்களா என்று சொல்ல முடியுமா? அதுபோல, அமிலம் துகளையும் கரைத்துவிடும். எனவே துகளைக் காண, அமிலத்துக்குப் பதில் நொதி அல்லது காரத்தால் திசு கரைக்கப்பட்டு, துகள்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்க்கப்படுகிறது. துத்தநாக ஆக்சைடு துகள் இரைப்பை அமிலத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடக்கூடியது. தங்கம், டைட்டானியம் துகள்கள் எளிதில் கரையாமல் தங்கிவிடும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

வெள்ளாட்டைவிடச் செம்மறியாடு தாமிரத்தைக் குறைவாகவே தாங்கும். தாமிரம் ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒருநாள் திடீரென இரத்தத்தில் கலக்கும். அப்போது கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், ஆடு இறக்கவும் கூடும். நானோ உரமானாலும் பழைய தாமிர மருந்தானாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

1. தாமிரம் தெளித்த வயலிலும் வரப்பிலும் செம்மறியை மேயவிடக் கூடாது.
2. தெளிப்பானை ஓடையிலோ குட்டையிலோ கழுவக் கூடாது.
3. மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது.
4. ஆடு இறந்தால் புதைக்குமுன் கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். உலோகப் பரிசோதனைக்கான ஈரல், சிறுநீரகத் துண்டுகளைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போடும் துண்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்குத் தனியாக வேண்டும்.
5. தெளித்த உரத்தின் புட்டியை லேபிளுடன் காட்ட வேண்டும்.

ஆட்டின் சாவுக்குக் காரணம் அறிய மொத்தத் தாமிர அளவே முதலில் போதும். துகளை எண்ணுவது ஆராய்ச்சியாளர் வேலை. கெடாத திசுவும் சரியான தகவலும் கிடைத்தால்தான், மந்தையில் எஞ்சிய ஆடுகளைக் காப்பாற்ற வழி தெரியும்.